மலை மறைத்த பிறை

அன்பு மகனுக்கு,

ஒரே கூரைக்குக் கீழே படுத்து எழுந்திருக்கிறவனுக்கு நலமா என்று கேட்டு எழுதினால் நீ சிரிப்பாய். காலையில்தான் உனக்கு ஆப்பம் சுட்டுப் போட்டேன். சாப்பிட்டாய், கை கழுவினாய், நான் வாயைத் திறந்ததும் "உம்மா, இது பள்ளி விசயம், ஒங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாய். கொஞ்ச நாளாகவே இதே கதைதான். நான் தொண்டையைச் செருமினாலே யூசுப் பெயர் வரப் போகிறது என்று உனக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் மதியச் சோற்றை இறக்கி வைத்துவிட்டு, அடுக்களையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கடிதத்துக்கு நடுவில் நீ புகுந்து பேச முடியாது, அது ஒரு சௌகரியம். இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்றும் இல்லை. நாளைக்குக் கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம். அதற்காகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நாளை ஜும்மா தொழுகை முடிந்ததும் பள்ளியில் கூட்டம். உன் வாப்பா மௌத்தான பிறகு, பள்ளிவாசலை நடத்துகிற முத்தவல்லிப் பொறுப்பு உன் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பள்ளிச் சாவி உன் இடுப்பில், தெருவின் தீர்ப்பு உன் வாயில். பேசப் போவது ஒன்றே ஒன்று, யூசுபை ஊர்விலக்கம் செய்வதா வேண்டாமா என்பது. யூசுப் என் கூடப்பிறந்த காதர் அண்ணனின் மகன், உனக்கு மாமா மகன். கொழும்பில் வளர்ந்தவன். போன வருஷம்தான் பெண்டாட்டி மைமூனோடு திரும்பி வந்து, நம் தெருவிலேயே வாடகைக்கு வீடு பிடித்துத் தறி போட்டான். போன பெருநாளுக்கு முன்னால், பிறை தெரியவில்லை, இன்னும் ஒரு நோன்பு உண்டு என்று நீ பள்ளியில் அறிவித்தாய். அவனோ ரேடியோவில் பிறைச் செய்தி கேட்டேன் என்று சொல்லி, நாலைந்து இளவட்டங்களோடு தன் வீட்டு முற்றத்தில் ஒரு நாள் முன்னதாகவே பெருநாள் தொழுதுவிட்டான். ஊருக்கு ஒரு பெருநாள்தான், ஆளுக்கொன்று என்றால் பள்ளி எதற்கு என்று நீ கேட்கிறாய். நியாயமான கேள்வி. அதில் எனக்கும் உனக்கும் சண்டை இல்லை.

எனக்குப் பயம் வேறு. கூட்டம் நாளைக்குத்தான், ஆனால் தெரு முந்தியே முடிவு செய்துவிட்ட மாதிரி நடக்கிறது. குழாயடிக்கு மைமூன் குடத்தோடு வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. நிறை வயிற்றுக்காரி, இன்றோ நாளையோ என்று இருக்கிறாள். முன்பெல்லாம் அவளைக் கண்டால் நாலு பேர் குடத்தை வாங்கி நிரப்பிக் கொடுப்பார்கள், இப்போது ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். நேற்றுக் காலையில் யூசுப் தெருவில் பாவு நீட்டினான். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நூல் நீண்டு கிடக்கும்போது, கஞ்சி காய்வதற்குள் இழை பிரித்துவிட அக்கம்பக்கத்துக் கைகள் வேண்டும். நம் தெருவில் அதற்கு யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை, தானாக வந்து நிற்பார்கள். நேற்று ஒருவரும் வரவில்லை. அவன் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் ஓடிக்கொண்டே இருந்தான், வெயில் ஏறி நூல் ஒட்டிக்கொண்டது. கதவுகளெல்லாம் திறந்துதான் கிடந்தன, உள்ளே ஆட்களும் இருந்தார்கள். இந்தக் காட்சியை நான் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

அப்போது நீ சின்னப் பிள்ளை. ஆனி மாசத்தில் நோன்பு வந்த வருஷம். குற்றாலத்தில் நல்ல சாரல், அருவிச் சத்தம் காற்று திரும்பினால் நம் கொல்லை வரைக்கும் கேட்பது போல இருந்தது. இருபத்தொன்பதாம் நோன்பு திறந்ததும் ஆண்கள் எல்லோரும் வழக்கம்போலப் பள்ளி மாடியில் ஏறினார்கள். நம் ஊரில் பிறை பார்ப்பது என்பது மலையைப் பார்ப்பதுதான். மேற்கே குற்றாலமலை முகத்துக்கு எதிரே நிற்கிறது. முதல் பிறையோ மெல்லிசு, வந்த கையோடு இறங்கிவிடும். அது மலைக்குப் பின்னால் இறங்கினால் யாருக்குத் தெரியும்? போதாததற்கு மேகம் வேறு. இருந்தாலும் தலைமுறை தலைமுறையாக அதே மாடியில் ஏறுகிறோம், அதே மலையைப் பார்க்கிறோம், தெரியவில்லை என்று இறங்குகிறோம். வேறு இடத்தில் நின்று பார்த்தால் என்ன என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

அப்போது முத்தவல்லியாக இருந்த உன் வாப்பா மாடியிலிருந்து இறங்கி, நாளைக்கும் நோன்பு என்று சொல்லிவிட்டு, இரவுத் தொழுகையும் முடித்து வீட்டுக்கு வந்தார்கள். கூடவே பத்துப் பதினைந்து பேர். அந்த நேரத்தில்தான் காதர் அண்ணன் வந்தான். அவனுக்குத் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிற வேலை. சட்டையெல்லாம் நனைந்து, மூட்டையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "மச்சான், பிறை பாத்தேன்" என்றான். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்க வச்சு பாத்தே?"

"சுந்தரபாண்டியபுரத்துல, குளத்தங்கரையில. மலைக்கு மேல மேகம் கொஞ்சம் விலகிச்சு. நகத்தைக் கிள்ளிப் போட்டாப்ல தெரிஞ்சுது."

"கூட யாரு பாத்தா?"

"பரமசிவம்னு ஒரு சம்சாரி, குளத்தை ஒட்டி வயக்காடு வச்சிருக்காரு. அவருதான் முதல்ல காட்டித் தந்தாரு. என்கூட வண்டி கட்டிட்டு வந்துருக்காரு மச்சான். தெருமுக்குல நிக்காரு, கூப்பிடட்டா?"

"அவரு சாட்சி இதுக்குச் செல்லாது. நீ ஒருத்தன் சொல்லி ஊரு நோன்பை விட முடியாது."

"சாட்சியா எடுக்க வேண்டாம். அவரு சொல்லுததைக் காதால கேளுங்க. இல்லன்னா இன்னொரு நாளு என்கூட அந்தக் கரைக்கு வந்து பாருங்க. அங்கன நின்னா மலை குட்டையாத் தெரியுது."

பின்னால் நின்ற கூட்டத்தில் யாரோ, "மலை குட்டையாப் போச்சாம்லே" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. வாப்பாவும் அண்ணனும் தனியாக உட்கார்ந்திருந்தால் பேச்சு வேறு விதமாகப் போயிருக்கும், இருவரும் பால்யத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். ஆனால் முதுகுக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது மனுஷனுக்கு எதிரில் நிற்கிறவன் சொல்வது காதில் ஏறாது, பின்னால் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுதான் ஓடும். வாப்பா சொன்னார்கள்: "பசி தாங்கலன்னா சொல்லிட்டுப் போ காதரு. பிறையை எதுக்கு இழுக்கே?"

அண்ணன் படியிறங்கினான். மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அந்தச் சம்சாரி தெருமுனையில் வெகு நேரம் நின்று பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதாகப் பிறகு சொன்னார்கள்.

மகனே, ஒன்றைக் கவனி. சட்டப்படி வாப்பா சொன்னது சரிதான். பெருநாள் பிறைக்கு ஒரு சாட்சி போதாது என்பதுதான் நம் பள்ளி வழக்கம், அதை அண்ணனும் மறுக்கவில்லை. வாப்பா "இல்லை காதரு, முடியாது" என்று மட்டும் சொல்லியிருந்தால் அண்ணன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான், மறுநாள் வந்திருப்பான். கேட்க வேண்டியதைக் கேட்காமல், அவன் எதற்காகச் சொல்கிறான் என்று தானே ஒரு காரணத்தைக் கட்டி, அதையும் நாலு பேர் முன்னால் அவன் நெற்றியில் ஒட்டினார்கள் பார், அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. பிறை கண்டவனைப் பசிக்குப் பொய் சொன்னவன் என்று சொல்லிவிட்டால், அதற்கு அவன் என்ன பதில் சொல்வான்?

வீம்பு பிடித்துவிட்டது அவனுக்கு. அதையும் நான் மறைக்கவில்லை. மறுநாள் தெருவே நோன்போடு இருக்க, அவன் பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை போட்டு, பெருநாள் அன்று நாம் எல்லோரும் செய்வதுபோலவே ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனான். சத்தமில்லாமல் வீட்டுக்குள் இருந்திருக்கலாம். பெண்டாட்டி, பையன் யூசுப், நடக்கப் பழகி ஓடித் திரிகிற மகள் பாத்திமா எல்லோரும் போனார்கள். குளித்துவிட்டுக் கடையில் அல்வா வாங்கித் தின்று, ஈரத் தலையோடு நடுத் தெரு வழியாகவே திரும்பி வந்தார்கள். அசர் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நோன்பு நாளில் அருவிக்கரையில் உட்கார்ந்து தின்றான் என்ற பேச்சு இருட்டுவதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டார்கள். யாரும் அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது என்று முடிவாயிற்று. அன்றும் இப்படித்தான், கூட்டத்துக்கு முன்பே குழாயடியில் பேச்சு நின்றுவிட்டது.

அருவியில் குளித்து வந்த மூன்றாம் நாளே பாத்திமாவுக்குக் காய்ச்சல். முதலில் சளி என்றார்கள். பிறகு கண் சொருக ஆரம்பித்தது. தெருவில் என்ன பேசினார்கள் தெரியுமா? நோன்பை முறித்ததுக்கு வந்த தண்டனையாம். பச்சைப் பிள்ளைக்கு என்ன நோன்பு, என்ன தண்டனை? எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் போய்ப் பார்த்து வருகிறேன் என்று வாப்பாவிடம் கேட்டேன். "முடிவு சொன்ன வீட்டுல இருந்தே ஆளு போனா ஊரு என்னைக் காறித் துப்பும்" என்றார்கள். வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார்கள். சாரல் நசநசவென்று பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் பிள்ளை மௌத்தாகிவிட்டது.

அண்ணன் பள்ளிக்குப் போய், அடக்குவதற்கு மையவாடியில் ஒரு சாண் இடம் கேட்டான். தொழவைக்கும் ஹஸ்ரத் வாப்பாவின் முகத்தைப் பார்த்தார். வாப்பா கொடுக்கலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "ஊரு முடிவு எடுத்துருக்கு, நான் ஒருத்தன் என்ன சொல்ல" என்றார்கள். முந்தின வாரம் ஊர் எல்லாம் நான்தான் என்று பேசிய வாய் அது. அண்ணன் தான் விற்கிற வெள்ளைத் துணியிலேயே பிள்ளையைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செங்கோட்டை சாலையில் நடந்தான். யூசுப் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனான். நம் ஜன்னலைத் தாண்டித்தான் போனார்கள். எந்த ஊர்க்காரர்களோ மனம் இரங்கி இடம் கொடுத்து, தொழுது அடக்கினார்களாம். அந்த மாசமே அண்ணன் குடும்பத்தோடு கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டான். அங்கேயே அவன் முடிந்தும் போனான். அவன் முகத்தை நான் மறுபடி பார்க்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. சில வருஷம் கழித்து, நோன்பு கோடையில் வந்தபோது, இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் வாப்பா பள்ளி மாடிக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை, நீங்கள் பாருங்கள் என்று மற்றவர்களை அனுப்பிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போனார்கள். திரும்பி வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. கஞ்சியை வைத்தேன், தொடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "அங்கன நின்னா மலை குட்டையாத்தான் தெரியுது" என்று சொன்னார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "பிறை நல்லாத் தெரிஞ்சுது" என்றார்கள். அதோடு சரி. அதற்கப்புறம் சாகும்வரை பிறை பார்க்கும் நாளில் மற்றவர்களை மாடியில் ஏற்றிவிட்டு அவர்கள் கீழேயே உட்கார்ந்திருப்பதை நீயே பார்த்திருப்பாய். வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பாய்.

அண்ணன் அன்று கண்டது நிஜமாகவே பிறைதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மேகத்தின் விளிம்பாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அவன் பார்த்த இடம் ஒன்று, இவர்கள் பார்த்த இடம் ஒன்று. இரண்டு பேருமே கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார்கள். அந்த இடத்துக்குப் போய் ஒருமுறை நின்று பார்க்க எட்டு மைல்கூட இல்லை, வாப்பாவுக்கு அதற்கு அத்தனை வருஷம் ஆனது. உனக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். ஒருவன் உனக்கு ஒவ்வாததைச் சொன்னால், அது சரியா தப்பா என்பதற்கு முன்னால் அவன் எங்கே நின்றுகொண்டு சொல்கிறான் என்று கேள். கேட்டுவிட்டு, அவன் சொன்னதை நீ உன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார். "ஆமா, அதான் சொல்லுதேன்" என்று அவன் தலையை ஆட்டுகிற வரைக்கும் உன் பதிலைத் தொடங்காதே. அப்புறமும் உனக்கு ஒப்பவில்லையா, ஒப்பவில்லை என்றே சொல். அதற்காக அவன் வீட்டுச் சோற்றை வேண்டாம் என்று சொல்லாதே. கேட்பதால் உன் முத்தவல்லிப் பதவி ஒன்றும் கரைந்துவிடாது.

யூசுபிடம் நீ இதுவரை ஒரு வார்த்தை கேட்டாயா? எந்த ஊர் ரேடியோ, யார் படித்தார்கள், அங்கே பிறை பார்த்தது யார், எதனால் அதை நம்பினான்? எதுவும் கேட்கவில்லை. கொழும்புக்காரத் திமிர் என்று சொன்னாய். செத்துப்போன அவன் வாப்பாவுக்காகப் பழி வாங்க வந்திருக்கிறான் என்று கடையில் உட்கார்ந்து சொன்னாயாம், அதுவும் என் காதுக்கு வந்தது. பசி தாங்கவில்லையா என்று கேட்ட அதே குரல்தான் மகனே. ஆளும் வருஷமும்தான் வேறு. யூசுப் ஒன்றும் தங்கக் கட்டி இல்லை. அவனுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். "பள்ளி மாடியில ஏறி மலையைப் பாக்கவா நான் வந்தேன்" என்று இளவட்டங்களிடம் கேலி பேசியிருக்கிறான். முந்தாநாள் அவன் வீட்டுக்குப் போய், "ஏலே, நீயும் அவனைக் கேக்கலியே, அவன் ஊரு உடைஞ்சிரும்னு பயப்படுதான், அதுல என்ன தப்பு" என்று நன்றாகக் கொடுத்தேன். அவன் சிரிக்கவில்லை. "மாமி, அவன் கூப்பிட்டாப் போயி உக்காருதேன். கூப்பிட மாட்டான்" என்றான்.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். சோற்றை மூடி வைக்கப் போகும்போது யூசுப் கொல்லை வழியாக ஓடி வந்தான். மைமூனுக்கு வலி கண்டுவிட்டதாம். மருத்துவச்சி வீட்டுக்குப் போயிருக்கிறான். அவள் கதவைப் பாதி திறந்து, "நாளைக்குக் கூட்டம் முடியட்டும் தம்பி, அப்புறம் பாத்துக்கிடலாம்" என்று சொல்லிச் சாத்திவிட்டாளாம். பிள்ளை கூட்டத்துக்காகக் காத்திருக்குமா? அவன் என் முன்னால் நின்றான். அந்தக் காலத்தில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு போன அதே முகம். நம் வாசலில் இன்றைக்குக் குறுக்கே உட்கார யாரும் இல்லை. நான் சேலையை மாற்றிக்கொண்டு, பழந்துணி மூட்டையையும் இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகவே, தெரு பார்க்க வந்துவிட்டேன்.

மிச்சத்தை யூசுப் வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன். மைமூன் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், வலி விடுகிற நேரத்தில் நாலு வரி எழுதுகிறேன், கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள். உன்னையும் சேர்த்து ஐந்து பெற்றவள் நான், பிள்ளைப்பேறு எனக்குப் புதிதல்ல. ஆனால் பிள்ளையின் தலை இன்னும் திரும்பவில்லை, இவளுக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது, எனக்கு இது பிடிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வரலாம். யூசுப் வண்டிக்குப் போனான், தெருவில் இரண்டு வண்டிக்காரர்களும் மாட்டை அவிழ்த்தாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், நீ ஒரு வார்த்தை சொன்னால் மாடு பூட்ட எவ்வளவு நேரம் ஆகும்? வாப்பாவும் அன்றைக்கு ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தக் கடிதத்தை யூசுபிடமே கொடுத்தனுப்புகிறேன். கடையில் நாலு பேர் இருந்தால் அவர்களை அனுப்பிவிட்டு, அவனை உட்காரச் சொல்லி, அவன் வாயால் கேள். ரேடியோ செல்லாது என்று நாளைக்கு நீ சொன்னால் சொல்லிக்கொள், நான் குறுக்கே வர மாட்டேன். இப்போது வண்டி வேண்டும். உனக்குச் சோறு அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன், மீன் குழம்பு மண்சட்டியில் இருக்கிறது. நீ வண்டியோடு வந்தால் உன் கூடவே வீட்டுக்கு வருவேன். வராமல் போய், நாளை ஜும்மாவுக்குப் பிறகு எழுந்து நின்று, இந்த வீட்டோடு யாரும் பேசக் கூடாது என்று சொல்லப் போகிறாய் என்றால், இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லுவீர்கள் அல்லவா, அதில் உன் உம்மா பெயரையும் உன் வாயாலேயே சொல்லு.